பத்தொன்பது புள்ளிகள்

நரின் நகரத்தில் ஜனவரி.
நீரியல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது.
என் இடது முழங்கால் கோடையில் இருக்கிறது,
வலது முழங்கால் இன்னும் தெருவில்.

நாளை காலை ஒன்பதுக்கு அறிக்கை.
கணவாயடியில் ஓமுர்ஸாக் அளந்து அனுப்பிய
ஆற்று மட்டம், முழு வருடம், நாளுக்கு ஓர் எண்.
ஒப்பிட, அதற்கு முந்தைய வருடம்.
பைதானில் நாலு வரி எழுதினேன், படம் வந்துவிட்டது,
எல்லோருக்கும் வரும் அதே நீலத்தில், அதே ஆரஞ்சில்,
பள்ளிச் சீருடை போட்ட கோடுகள்.

சீருடையைக் கழற்ற உட்கார்ந்தேன்.
தடிமன் இரண்டு. அதிகம். ஒன்றரை.
முந்தைய வருடத்துக்குச் செங்கல், புதியதற்குப் பாசி;
அந்தப் பாசியைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு மணி நேரம்.
மேல் சட்டம் வேண்டாம், வலது சட்டமும் வேண்டாம்,
ஆற்றை எதற்கு நாலு பக்கமும் அடைக்க?
கீழே தேதிகள் பஸ்ஸுக்கு முண்டியடிப்பவர்கள் போல
ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.
மாதத்துக்கு ஒருவர் போதும் என்றேன், கலைந்துபோனார்கள்.
தலைப்பில் எங்கள் மொழியின் மூக்கெழுத்து
காலிப் பெட்டியாக விழுந்தது.
எழுத்துருவை மாற்றினேன். பெட்டிக்குள்ளிருந்து
எழுத்து எழுந்து வந்தது.

செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கட்டும் என்பது
தலைவர் சாதிர்குலோவின் நிரந்தர உத்தரவு.
பூஜ்ஜியத்திலிருந்து பார்த்தால் எந்த ஆறும் சாது.
எண்பதிலிருந்து பார்த்தால் அதே ஆறு
கரையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது தெரியும்.
இரண்டும் பொய்யில்லை.
அதுதான் தொல்லை.

நள்ளிரவுக்குப் பிறகு,
வேலையை முடிக்க மனமில்லாமல்தான்,
நாளுக்கொரு புள்ளி வைத்தேன்.
சின்ன வட்டம், உள்ளே வெள்ளை.
புள்ளி வைத்ததும் விவரம் வெளியே வந்தது:
பிப்ரவரியில் பத்தொன்பது
ஒரே உயரத்தில், கம்பியில் உட்கார்ந்த குருவிகளாய்.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பன்னிரண்டு.
எந்த ஆறும் இவ்வளவு ஒழுக்கமாக இருந்ததில்லை.
கோடாக ஓடியவரை கண்ணில் படவில்லை.

ஆறு மணிக்குப் போன் போட்டேன்.
ஓமுர்ஸாக் கொட்டாவி விட்டான், பாதியில் நிறுத்தினான்.
"அளவுகோல் பனிக்கட்டிக்குள் போய்விட்டது."
கொஞ்ச நேரம் அவன் அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம்.
"சரி. நான் அங்கே இல்லை. பல் பிடுங்க
அத்-பாஷி போனேன், மச்சான் வீட்டில் படுத்தேன்.
முதலில் வீக்கம். பிறகு சீட்டாட்டம்.
காலியாக விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களே?"
பிடிப்பார்கள் என்றேன்.

பத்தொன்பதையும் அழித்தேன்.
இங்கே ஒரு சங்கதி இருக்கிறது.
அந்த வரிசைகளையே நீக்கினால்
கோடு இரு முனையையும் நேராக இணைத்துவிடும்,
ஒன்றுமே நடக்காதது மாதிரி.
நாளை வைத்துக்கொண்டு
எண்ணின் இடத்தில் இல்லை என்று எழுதினால்
கோடு நின்றுவிடும்,
தாண்டிப் போய்த்தான் மறுபடி தொடங்கும்.
இல்லை என்றே எழுதினேன், பத்தொன்பது தடவை.
வெற்றிடத்தின் மேல் எட்டாம் அளவு எழுத்தில்
அளக்கப்படவில்லை.
காரணம் போடவில்லை. பல் அவனுடையது.
எழுதிய கையோடு அச்சையும் எண்பதில் நிறுத்தினேன்.

அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி, ஓரம் இறுக்கம்,
கோப்பின் பெயர் இறுதி, அப்புறம் இறுதி இரண்டு,
அப்புறம் இதுதான் இறுதி.
கீழ்மாடிப் பிரிண்டருக்குக் கறுப்பு மட்டுமே தெரியும்.
செங்கலும் பாசியும் ஒரே சாம்பலாக விழுந்தன.
இரவெல்லாம் அச்சைத் திருத்தியவளை
அச்சு இயந்திரம் ஒரே நொடியில் திருத்தியது.
மேலே ஓடினேன், முந்தைய வருடத்தை
விட்டுவிட்டு ஓடும் கோடாக்கினேன்,
எட்டு ஐம்பத்தேழுக்குத் தாள் வந்தது, சூடாக.

சாதிர்குலோவ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
அச்சைப் பார்க்கவில்லை, இன்னும்.
பிப்ரவரியில் விரலை வைத்து
"இங்கே மை தீர்ந்துபோச்சா?" என்றார்.

இல்லை, என்றேன்.