நாலாவது விளக்கு

பஞ்சிகாவத்தை. மழை விட்டும் வெயில் வராத பத்து மணி.
ஒழுங்கைக்குள் பின்பக்கமாகவே வந்து நின்றது
அந்தப் பழைய டீசல் வான்.
உள்ளே கட்டில், காஸ் அடுப்பு,
கொக்கியில் இரண்டு சேலை,
கண்ணாடியோரம் கற்பூரவள்ளிச் சட்டி.
முகத்துவாரத்தில் வாடகை ஏறின நாளிலிருந்து
இதுதான் பாஸ் வீடு, என்றாள் ஜெயரஞ்சினி.
ஆஸ்பத்திரிக் கன்டீனில் இரவு வேலை.

மூன்று லைட் எரியுது, என்றாள்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வதுபோல.

வெள்ளவத்தையில் பற்றரி மாற்றினார்களாம்.
தெமட்டகொடையில் ஓல்டனேற்றர்.
மருதானையில் ஒருவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து
தலையை ஆட்டி
காசு மட்டும் வாங்கினாராம்.

இடது சிக்னலைப் போடுங்கோ, என்றேன்.
டாஷ்போட் முழுக்கச் சேர்ந்து கண்ணடித்தது.
பிரேக்கை மிதியுங்கோ.
ரேடியோ விக்கியது, ஓயில் விளக்கு
அரைகுறையாய்ச் சிவந்தது.
போன கரண்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டால்
இப்படித்தான்,
கண்ட வாசலையெல்லாம் தட்டும்.

ஈரச் சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன்.
காக்கைதீவுக் கடலோரம் நிறுத்திவைத்த பதினொரு மாதமும்
உப்பாய்ப் படிந்திருந்தது.
எர்த் பட்டியைத் தொட்டேன்,
பச்சைத் தூளாய்க் கையோடு வந்தது.
மீற்றரின் ஒரு முனை பற்றரி மைனஸில்,
மறுமுனை எஞ்சின் உடம்பில்.
ஸ்டார்ட் அடியுங்கோ!
தசம் மூன்றைத் தாண்டக்கூடாது.
இரண்டு தசம் எட்டு.

எர்த் இல்லை, வானுக்கு மண் விட்டுப்போச்சு, என்றேன்.
இருபத்தாறு வருசமாய் இதே பகிடி.
நிஸ்தார் கடைப் பையன் மட்டும் சிரித்தான்.
அவள், எவ்வளவு முடியும் என்று கேட்டாள்.

இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து
புதுப்பட்டி பூட்டி கிரீஸ் பூசினேன்.
இரண்டு விளக்கு அடங்கியது.
மஞ்சள் சுருள் மட்டும் மினுங்கியது,
மூன்றாம் சிலிண்டரின் ஹீட்டர் பிளக்; அது வேறு கதை.
ஆனால் எஞ்சின் ஓட ஓட
மீற்றர் பதினொன்று தசம் ஒன்பதிலேயே கிடந்தது.
புது ஓல்டனேற்றர். இறுக்கமான பெல்ட். வயர் சரி.
ஒரு பிளேன்டீ குடித்து முடித்தேன்.

எரிகிற மூன்றையும் எல்லாரும் பார்த்தோம்.
எரியவேண்டிய நாலாவதை யாரும் தேடவில்லை.

ஓயிலுக்கும் பிரேக்குக்கும் நடுவே
நகமளவு கறுப்பு டேப்.
உரித்தேன். பின்னால் பல்ப் இல்லை.

அதை நான்தான் கழற்றச் சொன்னனான்.
ஒரு இரவு, துறைமுக வீதியில,
பின்னால கொள்கலன் லொறி ஹோர்ன் அடிக்குது,
முன்னால இது பற்றரிப் படம் போட்டு
சிவப்பா முகத்தில அடிக்குது.
இனிமேல் எரியக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்.

யாரோ சொன்னபடி செய்திருக்கிறான், பாவம்.
அந்தப் பல்பு வழியாகத்தான்
ஓல்டனேற்றருக்கு முதல் சொட்டுக் கரண்ட் போகும்.
அது எரிந்தால் இது விழிக்கும்.
விழித்த பிறகு இதுவே அதை அணைக்கும்.
இதை அவளுக்குச் சொல்ல
எனக்கு இரண்டு தரம் வாய் தடுமாறியது.

நிஸ்தாரிடம் தொண்ணூறு ரூபாய்,
கடலைப் பருப்பளவு பல்ப்.
சாவியைத் திருப்பினாள். சிவப்பு.
கையை இழுத்துக்கொண்டாள்.
இருங்கோ, என்றேன், அடியுங்கோ.
எஞ்சின் இருமி, கறுப்பாய் ஒருமுறை கக்கி, பிடித்தது.
சிவப்பு போய்விட்டது.
பதினாலு தசம் இரண்டு.

நிறுத்தினாள். திரும்பவும் திருப்பினாள்.
சிவப்பு. இல்லை.
சிவப்பு. இல்லை.
டீசல் விலை தெரிந்தவள்,
நாலு தரம் செய்தாள்.

மஞ்சள் கிடக்கட்டும் பாஸ், சம்பளத்துக்குப் பிறகு வாறன்.
கற்பூரவள்ளிச் சட்டி சரியாமல்
மெதுவாய் ஒழுங்கையை விட்டிறங்கிப் போனாள்.

பின்னேரம் குளிக்கையில்தான் பார்த்தேன்,
கறுப்பு டேப் துண்டு
என் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.