சத்தம் பார்த்து வாங்கியது

இரவெல்லாம் மாவோடு நிற்கிறவர் ரோமுவால்ட்.
காலை ஏழுக்கு வருவார்,
காதுமடலில் மாவு ஒட்டியிருக்கத் தூங்கிப்போவார்.
லூப்ளினில் எங்கள் நாலாம் மாடி வீட்டில்
அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரே சுவர்,
அதுவும் பேருக்கு.
கரண்டி ஒன்று கைதவறினால் போதும்,
"யாரு?" என்பார் தூக்கத்திலேயே.

அதனால் வாட் கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம்.

கடையில் பதினொன்று நின்றன,
பல் துலக்கிவிட்டுப் புகைப்படத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி.
எல்லாக் கிண்ணமும் காலி.
எல்லா வயரும் சுருட்டிக் கட்டியிருந்தது.
கயெத்தான் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
ஆயிரத்து இருநூறு வாட் என்றான்,
மூன்றரை லிட்டர் என்றான்,
பீட்ரூட்டை ஆறு தினுசாய் வெட்டும் என்றான்.
துருவும் தகட்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டும்போது
என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டான்.

பிப்ரவரிப் பனியில் வழுக்கி உடைந்தது.
உள்ளே இரண்டு திருகாணி.
மழை வருவது வானொலியைவிட முன்னால் அதற்குத் தெரியும்.
இரண்டு கிலோ உருளைக்கிழங்கை இனி என்னால் துருவ முடியாது.
துருவாமலும் முடியாது:
வெள்ளிக்கிழமை எழுந்ததும் அவருக்கு அந்த அடை வேண்டும்,
ஓரம் கருகி, மேலே புளிப்புப் பாலாடை வைத்து.

"சத்தம் எப்படி இருக்கும்?"
"எண்பத்தைந்து டெசிபெல்."
"அது எப்படி இருக்கும்?"
"போட்டுக் காட்ட எங்களுக்கு அனுமதி இல்லை, அம்மா."

அங்குமிங்கும் பார்த்தான்.
மேலாளர் குளிர்பெட்டிகள் பக்கம் இருந்தார்.
குனிந்தான். உதட்டைக் குவித்தான்.
முதல் இயந்திரம் ஓடியது:
ஞொய்ய்ய்ய்ங்.
இரண்டாவது பல்லிடுக்கில்:
ஸ்ர்ர்ர்ர்ர்.
மூன்றாவதை நெஞ்சிலிருந்து எடுத்தான்:
ம்ம்ம்ம்ம்ம்ம்,
"கேரட் சிக்கினால் இப்படி" என்று
நடுவில் ஒரு 'கடக்' வேறு.
சலவை இயந்திரம் பார்க்க வந்திருந்த பெரியவர் கிட்டே வந்து
"தம்பி, அந்தச் சிவப்பையும் ஒரு தடவை ஓட்டு" என்றார்.

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.
அறுநூற்று நாற்பது ஸ்லாட்டி.
அவன் குரலில் அது
தெருமுனையில் திரும்பும் டிராலி பஸ்போல இருந்தது.
டிராலி பஸ் சத்தத்தில்
முப்பது வருஷமாகத் தூங்குகிறவர் அவர்.

வீட்டில் அடியில் துண்டை நாலாய் மடித்துப் போட்டேன்.
கதவைச் சாத்தினேன்.
சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.
கத்தியது.
அது ம்ம் இல்லை, மரம் அறுக்கும் கடை.
கயெத்தான் பொய் சொல்லவில்லை,
அவன் தொண்டை அவ்வளவுதான்.
இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று
கிழங்கைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.
ஒன்றரை நிமிஷம்.
சுவருக்கு அந்தப் பக்கம் அசைவே இல்லை.
அணைத்தேன்.

"யாரு?"

ஆமாம். அந்தச் சத்தம் நின்றதில் விழித்துக்கொண்டார்.
அடுமனையில் பெரிய பிசைகலம் நின்றால்
ஏதோ கெட்டுப்போயிற்று என்று அர்த்தமாம்.
வெறுங்காலோடு வந்து இதைச் சுற்றிப் பார்த்தார்.
"மாவு பிசையுமா?"
"பிசையும்."
"எவ்வளவு?"
"ஒரு கிலோ."
ஒரு ராத்திரிக்கு நானூறு கிலோ பிசைகிறவர்
அதன் மூடியை லேசாய்த் தட்டிக்கொடுத்துவிட்டுப்
போய்ப் படுத்தார்.

இப்போதெல்லாம் அணைக்கிற நொடியில்
வாயால் நான் வாங்கிக்கொள்கிறேன்:
ம்ம்ம்ம்ம்ம்,
வெங்காயம் நறுக்கும்வரை,
எண்ணெய் காயும்வரை,
கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்து.

அந்தக் 'கடக்' மட்டும் போடுவதில்லை.