இல்லை நோட்டு

லாரன்ஸ் ரோட்டில் எங்களுக்கு எதிரே
ஐந்து மாடிக் கண்ணாடிக் கடை திறந்த வாரம்
எங்கள் கடையில்
விற்காத சோபாக்களும் நானும்
உட்கார்ந்திருந்தோம்.

சென்னையிலிருந்து ஆலோசகர் வந்தார்.
பேசிய கட்டணம், ஜிஎஸ்டி தனி.
சுவரில் படம் காட்டினார்:
ஏறுகிற அம்பு, இறங்குகிற அம்பு,
'இளைய தலைமுறை' என்று ஒரு வட்டம்.
அந்த வட்டத்தில் குண்டு உப்பலவாடி
எந்தப் பக்கம் வரும் என்று கேட்டேன்.
தண்ணீர் குடித்தார்.

அவர் போன பிறகு
இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி
கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன்.
விற்றதை எழுத பில் புத்தகம் இருக்கிறது;
இதில், 'இல்லைங்க' என்று நாம் சொன்னதை மட்டும்
எழுத வேண்டும், யாராக இருந்தாலும்.
சகாயமேரி சிரித்தாள்.
லோடு இறக்கிக்கொண்டிருந்த யாகூப் பாய்
"போனதுக்குமா கணக்கு?" என்றார்.

ஆடித் தள்ளுபடி முடிவதற்குள்
நாற்பத்தோரு பக்கம்.

பீரோ, கால் ஒரு முழம் உசரம் வேணும்.
போன வெள்ளத்துல கீழ்த்தட்டுல இருந்த பத்திரம்
கூழாப் போச்சு.
இல்லை.

மாடிப்படியில திரும்புற கட்டில்.
ராத்திரியில ரெண்டு பேரு தூக்கணும்,
அதுல ஒருத்தி நான்.
இல்லை.

சாப்பாட்டு மேசை, ஒரு நாற்காலி போதும்.
மீதி மூணுக்குக் காசு கழிப்பீங்களா?
இல்லை.

சிப்காட் ஷிப்ட் முடிஞ்சு
பதினொரு மணிக்கு மேல டெலிவரி.
இல்லை.

அலமாரி, தவணையில். பில் என் பேர்ல,
வீட்டுக்காரர் பேர் வேண்டாம்.
இதற்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.
சகாயமேரி தானாகவே கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.
கூப்பிட்டுக் கேட்டேன்.
"மூணு தவணை வந்துடுச்சு மேடம்" என்றாள்,
முகத்தைப் பார்க்காமல்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முழுதும் படித்தேன்.
பதினெட்டு வருஷம் சீர்வரிசைக்கு விற்றவள் நான்:
மயில் ஒட்டிய பீரோ, ஆளுயரக் கண்ணாடி.
அப்போது பீரோவை ஊர் பார்க்கும்.
இப்போது
தண்ணீர் பார்க்கிறது.

சோபாக்களை வாங்கிய விலைக்கே தள்ளினேன்.
வண்டிப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில்
கால் மட்டும் அடிக்கச் சொன்னேன்.
இரும்புக் கால், நாலு மூலைக்கும் திருகு,
எந்தப் பீரோவுக்கும் பொருந்த வேண்டும்.
முதல் லாட்டில் அளவு பிசகி
நத்தப்பட்டில் ஒரு பீரோ குப்புற விழுந்தது.
ஆள் தப்பியது, கண்ணாடி போனது.
பணத்தைத் திருப்பிக் கொடுத்து,
வைதது முழுவதும் நின்று கேட்டுவிட்டு,
திருகாணியைத் தடிப்பாக்கினோம்.

எதிர்க்கடையில் பீரோ வாங்குகிறவர்கள்
அதே வண்டியை இங்கே நிறுத்திக்
கால் வாங்கிப் போகிறார்கள்.
அவர்கள் கடை மேனேஜர் வாசலில் நின்று
எண்ணுகிறார். எண்ணட்டும்.

ஆலோசகருக்குப் போன் செய்து சொல்லலாம் என்று
ஒருநாள் நினைத்தேன்.
சொல்லவில்லை. அதற்குக் காரணம்
நாற்பத்தேழாம் பக்கம்.

கோதண்டம் சோபா விற்பவர்.
உட்காரச் சொல்லியே விற்றுவிடுவார்.
முதுகு வலிக்காரர்களைத் தெருவிலேயே அடையாளம் தெரியும்.
சோபா போனதும்
அவருக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று.
ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன்
கேட்டார். போர்டு துடைக்கிற வேலை என்றாலும் சரி என்றார்.

அன்று மாலை நோட்டை இறக்கினேன்.
யாராக இருந்தாலும் என்று சொன்னவள் நான்தானே.
தேதி போட்டேன்.
கோதண்டம். இங்கேயே ஏதாவது.
பக்கத்தில், மற்றவர்கள் எழுதுவது போலவே,
இல்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது.
கெடிலத்தில் இன்னும் மணல்தான் தெரிகிறது,
ஆனாலும் போன் நிற்கவில்லை.
அறுபது செட் சொல்லியிருக்கிறேன்.
வீடு வீடாகப் போய்
பீரோவைத் தூக்கிப் பிடிக்க
ஆள் போதவில்லை.