ஒன்பதாவது தடவை

நெத்திமேட்டில் டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் கம்பெனி.
பழைய ஒலிநாடாக்களைச் சலவை செய்கிறோம்.
கடல் தாண்டி ஏதோ ஒரு நூலகம் அனுப்பும்,
இரைச்சல் போக்கித் திருப்பி அனுப்புவோம்.
நிமிடக் கணக்கில் கூலி.
இருமல், நாற்காலிக் கிறீச்சல், மின்விசிறி
இவற்றுக்குத் தனி ரேட்.

இந்த மாதம் என் பங்குக்கு வந்தவள்
வெர்னிஸ் கோல்பெர்ட்.
நாற்பத்தொரு நாடா, கூடவே ஒரு கட்டு அட்டைக் குறிப்பு.
பிறந்த வருடத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.
அம்மா ஊரார் துணி வெளுத்தவள்.
கருப்பர்களின் சர்ச்சுகளில், பள்ளிக்கூடங்களில்
தனியாளாய் நின்று ஒரு நாடகம் முழுக்கப் பேசுவாளாம்:
ராணி, ராணியைக் கொல்ல வந்தவன்,
அவனுக்குக் கதவு திறந்துவிடும் கிழவன்.
மூன்று பேருக்கும் ஒரே தொண்டை.
நடித்த அரங்குகளின் பட்டியலில்
பாதிக்கு எதிரே பென்சிலில்: இடிக்கப்பட்டது.

ஆறாவது நாடாவில், ஒரு பேட்டி.
"அந்த ஓட்டலின் பெரிய கூடத்தில் நடித்தேன்,
எழுந்து நின்று கைதட்டினார்கள்.
போனதும் வந்ததும் சமையற்கட்டு வழியாக."
பின்வாசல்.
அவள் பேசிய எத்தனையோ சொல்லுக்கு
அகராதி புரட்டியிருக்கிறேன்.
இதற்குப் புரட்டவில்லை.

இரவு ஷிப்டில் நான் மட்டும்.
ஹெட்போனைக் கழற்றினால் கொண்டலாம்பட்டி விசைத்தறி,
மாட்டினால் அவள் மூச்சு.
வடக்கு ஜன்னலில் ஏற்காட்டு மலைப்பாதை,
ஒரு லாரியின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு தொலைந்து தொலைந்து ஏறுகிறது.

பதினேழாவது நாடா.
சினிமாவுக்குக் குரல் தேர்வு, வேலைக்காரி வேடம்.
இருப்பதே ஒரு வரி:
"விருந்து தயார், அம்மா."
மறுபடி, என்கிறான் ஒருவன்.
இன்னும் பணிவாக.
இன்னும் கொஞ்சம் உங்க ஆட்கள் பேசுவது மாதிரி.
பதினோரு தடவை.

முதல் தடவை ஒரு பெண் ஒரு சேதி சொன்னாள், அவ்வளவுதான்.
நாலாவதில் கால் வலி.
ஆறாவதில் அவன் கேட்டதை அப்படியே கொடுத்தாள்,
அத்தனை அச்சாக,
கேட்டவன்தான் கோமாளியாய்த் தெரிந்தான்.
ஒன்பதாவது...
சொல் மாறவில்லை. சத்தம் கூடவில்லை.
சமைத்தவளுக்குத்தான் தெரியும்
சாப்பாட்டில் என்ன இருக்கிறதென்று,
அந்தக் குரல்.
நாலு விநாடி அவன் "மறுபடி" சொல்லவில்லை.
ஒரு நாற்காலி மட்டும் நகர்ந்தது.
பத்தும் பதினொன்றும் அவனுக்குப் பிடித்தபடி.
"தேங்க்யூ, வெர்னிஸ்."
வெறும் பேர்.

சூப்பர்வைசர் குணசீலன் குறிப்பு:
நல்லதாய் ஒன்றை வைத்துக்கொள்,
மிச்சத்தை நீக்கு. மௌனத்தைச் சுருக்கு.

நாலு வருஷம் முன்னால் ஒரு பண்பலையில்
அறிவிப்பாளர் தேர்வுக்குப் போனேன்.
"குரல் இருக்கும்மா, பேச்சுலதான் ஊர் வாடை" என்றார்கள்.
ஊர் இல்லை, தெரு.
அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பதினொன்றையும் வைத்தேன்.
நாற்காலிக் கிறீச்சலைக்கூடத் தொடவில்லை, அந்தத் தனி ரேட் போனது.
அறிக்கையில் எழுதினேன்: நாடா பதினேழு, இரைச்சல் ஏதுமில்லை.

விடியலில் பஸ்.
அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில்
பழைய ஸ்டுடியோ ஒன்றின் வளைவு மட்டும் நிற்கிறது,
பின்னால் ஸ்டுடியோ இல்லை.
எத்தனை வேலைக்காரிகள் ஆளுக்கொரு வரியோடு
அதற்குள் நுழைந்து வந்தார்களோ.
அவர்களுடைய பத்தாவது, பதினோராவது தடவை
எந்தப் பெட்டியிலும் இல்லை.

கண்டக்டர் என் முகம் பார்க்காமலே
"ஓசி டிக்கெட்டா? எங்க?" என்றார்.

"அடிவாரம்" என்றேன்.
ஒன்பதாவது தடவை மாதிரி.

கிழித்த சீட்டு அவர் விரலிலேயே இருந்தது.
எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.
நாலில்
குனிந்து என் கையில் வைத்தார்.