இருபத்தேழாம் இலக்கம்

மல்லாவி ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
ஆறு பிள்ளைகள், இலக்கம் ஒட்டிய ஆறு போத்தல்கள்,
ஒரு ஐஸ் பெட்டி, ஒரு மின்விசிறி,
கரண்ட் போனால் நான் விசிறும் கோப்பு மட்டை.

ஏழரைக்கு இரண்டு சீனியைக் கரைத்துக் கொடுத்தேன்.
மனிற்றோல் சின்னது, குடல் சுவரைத் தாண்டிப் போகும்.
லக்ருலோஸ் பருத்தது,
சுகமான குடல் அதை மறித்துவிடும்.
மறிக்காவிட்டால் சலத்தில் வந்து காட்டிக்கொடுக்கும்.
தர்மிளாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன்.
"சின்னப் பொதியை விட்டுப் பெரிய பொதியை மறிக்கிறதோ?
அது தெரியும் மிஸ்.
பத்து வயதில நிண்டிருக்கிறன், அந்த வரிசையில."
சிரித்தாள்.
நான் பேனையைத் தேடினேன்.

ஐந்து மணித்தியாலம்
ஒரு துளி சிந்தாமல் பிடிக்கவேண்டும்.
மூன்று வயதுக்காரனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.
இருபத்தேழாம் இலக்கம், கேசவர்மன்,
பத்து மணிக்குப் பாலைமரத்தடியில்
எறும்புப் புற்றைக் குறிபார்த்து
என் ஆய்வில் மூன்றிலொரு பங்கை வார்த்துவிட்டு
காற்சட்டையைத் தோளில் போட்டபடி வந்தான்.

இதற்காகத்தான் புதியது வந்திருக்கிறது.
நெஞ்சில் ஒட்டும் வில்லை, ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
சீனியோடு கொஞ்சம் ஒளிரும் மையும் குடித்தால்
குடல் கசியும் அளவுக்குத்
தோலுக்கடியில் வெளிச்சம்.
போத்தலும் வேண்டாம், எறும்புகளோடு வழக்கும் வேண்டாம்.

ஆனால் புதியதை எதில் உரசிப் பார்ப்பது?
பழையதில்தான்.
பழையதோ வெயிலில் புளிக்கிறது,
கொழும்பு பஸ்ஸில் ஐஸ் உருகி மிதக்கிறது.
உரைகல் தேய்ந்த கடையில்
பொன்னுக்கு மாற்றுச் சொல்ல
என்னை இருத்தியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு இருபதுக்கு
அவன் வாயைத் துடைக்கப் போனேன்.
உதடு பிரிய மறுத்தது.
பாலைப்பழப் பிசின்.
"வெறுவயிறுதான் மிஸ். விடிய ஒண்டும் குடுக்கேல்ல.
பழம் மட்டும்தான்."

அந்தப் பழத்தில் எந்தச் சீனி, எவ்வளவு?
என்னிடமிருந்த எந்த அட்டவணையிலும் இல்லை.
படிவத்தில் 'நீக்கப்பட்டது' என்றொரு கட்டம்.
பேனை அதன்மேல் நின்றபோது கேட்டாள்,
"அப்ப, இவன்ர வயிறு சரியோ?"

எட்டுப் பக்கப் படிவம்.
அந்தக் கேள்விக்கு ஒரு கட்டமும் இல்லை.
பிள்ளையை அல்ல தங்கச்சி,
சோதனையைத்தான் சோதிக்கிறோம்
என்று சொல்ல வாய் வரவில்லை,
எனக்கும் பிசின் ஒட்டினாற்போல.
கருவித் திரையில் ஓர் எண் இருந்தது. பெரிய எண்.
அது பெரிதென்று சொல்வதற்கே
இன்னும் நூற்றெழுபத்து மூன்று பிள்ளைகள் குடிக்கவேண்டும்.

நிறையை மட்டும் இரண்டு தரம் பார்த்தேன்.
பத்துக் கிலோ நானூறு.
வியாழக்கிழமைக் கிளினிக்குக்குத் துண்டு எழுதினேன்,
அது என் வேலையில்லை.
நீட்டும்போதுதான் கண்டேன்,
அவன் நெஞ்சில் வில்லை இல்லை.

ஐஸ் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தது.
எப்போதிருந்தென்று தெரியாது.
திரையில் எண்
இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.