எர்த்து

புளியரைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
நாலாவது தகர ஷெட் என்னுடையது.
ஆனி மாதம். கணவாய் வழியே வந்த சாரல்
டெஸ்ட் லாம்ப்பின் கூர்முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கே.எல். நம்பர் எஸ்டீம் ஒன்று
ஒழுங்காகத்தான் வந்து நின்றது.
இறங்கியவர் சசாங்கன்,
ஆரியங்காவில் லாட்டரிக் கடை.
"ஈ வண்டிக்கு பிராந்தாணு" என்றார்,
அதன் காதில் விழாதபடி, சற்றுத் தள்ளி வந்து.

பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்குகள் எரிகின்றன.
இடது இண்டிகேட்டர் போட்டால்
வலப்பக்கமும் அரைக்கண் சிமிட்டுகிறது.
சாவியை உருவிக் கையில் வைத்த பிறகும்
மிதித்த கால் மிதித்தபடி இருக்கும்வரை
ரேடியோவின் கடிகாரத்துக்கு வெளிச்சம்.

புனலூரில் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள்.
கொட்டாரக்கரையில் ஆல்டர்நேட்டர்.
தென்மலையில் ஒருவர் ஸ்விட்ச் மொத்தத்தையும் மாற்றிவிட்டு
இனி எலுமிச்சம்பழம்தான் என்று சொல்லிவிட்டார்.
அதுவும் கட்டியிருந்தது, பம்பரில், வதங்கி.

நான் மட்டும் என்ன.
மதியம்வரை டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.
பியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
நாக்கில் வைக்காத குறையாகப் பார்த்தேன்.
எரிகிற இடத்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து
வண்டிக்குப் பின்னால் நின்று
சும்மா சொன்னேன்: "சவிட்டுங்க."
வலது விளக்கு சிவந்தது.
இடது, மூன்றாம் முறை வடித்த டீத்தண்ணி.

போன கரண்டு திரும்பி வர வேண்டும்.
வருகிற வாசல் அடைத்திருந்தால் அது நின்று யோசிக்காது.
பக்கத்து வயருக்குள் புகுந்து
மீட்டரை எழுப்பி, கடிகாரத்தை எழுப்பி
எப்படியாவது பாடியைத் தொட்டுவிடப் பார்க்கும்.
இந்த ரோட்டில் மண் சரிந்த நாளில்
காய்கறி லாரிகள் மேக்கரை ஏறி
அச்சன்கோவில் சுற்றிப் போவதில்லையா.

டிக்கியின் உள்தட்டைக் கழற்றினேன்.
எலி.
எலி இல்லை, எலி இருந்த இடம்.
ரோஸ், பச்சை, மாம்பழ மஞ்சள்,
பூவாய்க் கத்தரித்து மெத்தை போட்டிருந்தது.
மெத்தைக்குக் கீழே எர்த்து போல்ட்,
மூத்திரம் பட்டுப் பட்டு
வட்டக்கண்ணி பூத்துப் போயிருந்தது.
பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில்
மீட்டர் நாலு வோல்ட் காட்டியது.

"இதோ உங்க பிராந்து" என்று திரும்பினால்
சசாங்கன் வண்டியைப் பார்க்கவில்லை.
ஆயில் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்து
துணுக்குகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு
ஒட்டாத எண்ணோடு ஒட்டாத எண்ணைச்
சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசு எதும் இருக்குமோ என்றேன்.

விஷுவுக்கு முந்தின வாரம்
ஒரு முழுக்கட்டு காணாமல் போனதாம்.
கடையில் நின்ற பையன், ஷிபின்,
அம்மாவைக் கூட்டிவந்து சத்தியம் செய்தானாம்.
"ஞான் பறஞ்ஞு விட்டு" என்றார்.
அதற்கப்புறம் தமிழும் பேசவில்லை, மலையாளமும் பேசவில்லை.

போல்ட்டைக் கழற்றினேன்.
உப்புத்தாளால் தேய்த்தேன், பெயிண்டையும் சேர்த்து,
தகரம் வெள்ளையாய்ச் சிரிக்கும்வரை.
புதுக் கண்ணி, கொஞ்சம் கிரீஸ், முறுக்கு.
மொத்தச் சாமான் செலவு முப்பது ரூபாய்.
முந்நூறு கேட்டேன். ஐந்நூறு கொடுத்து
மிச்சம் வாங்காமல் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

எல்லா விளக்கும் வந்தன, எல்லாம் அணைந்தன.
ஒன்று மட்டும் சிவப்பாய் நின்றது.
அவர் முகம் வெளுத்தது.
"ஹேண்ட்பிரேக்கை இறக்குங்க சேட்டா."

கணவாயின் முதல் வளைவில்
இரண்டு பின்விளக்கும் ஒரே சிவப்பாய் எரிந்தன.
நல்ல வேலை என்று கையைத் துடைத்தேன்.
எரிந்தவை அணையவில்லை.
சாரலுக்குள் அப்படியே, வெகுநேரம்.
ஐயோ, ஷார்ட்டாகிவிட்டதோ என்று
ஸ்பானரோடு ரோட்டில் இறங்கி ஓடினேன்.

பாதி தூரத்தில் தெரிந்தது:
வண்டி ஓரமாய் நிற்கிறது,
கால் பிரேக்கில் இருக்கிறது,
பின்கண்ணாடிக்குள், காதோரம்,
சின்னதாய் ஒரு போன் வெளிச்சம்.

திரும்பி நடந்தேன்.