மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர்

ஏப்ரல் கடைசியில் அது என் கடை வாசலில்
லாரியிலிருந்து இறங்கியது.
மீட்டரில் பதினொரு கிலோமீட்டர்.
இருக்கைமேல் பிளாஸ்டிக் உறை, கதவோரத்தில் நீலப் பஞ்சு.
பக்கத்தில் தௌனோ ரைஹா,
தொட்டால் விலை கேட்பார்களோ என்பவர்போல
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"ஓட்டிக்கொண்டே வந்திருக்கலாமே" என்றேன்.
"சாலையில் இன்னும் கல் கிடக்கிறது, இர்யா."

ஔலு நகரில் அந்தக் கல்லை
அவரைவிட அறிந்தவர் இல்லை.
இருபத்தாறு பனிக்காலம், விடியுமுன்,
நகராட்சி லாரியில்
உறைந்த தெருக்களின்மேல் சரளை தூவியவர்.
"மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர்.
நாலுக்கு மேற்பட்டதுதான் எகிறும்.
முன்னே போகிறவன் டயர் எடுத்து எறியும்,
இங்கே, இங்கே,
பிறகு இங்கே."
பானெட்டின்மேல், விரல் படாமல்,
காற்றில் புள்ளி வைத்தார்.

நிறம் லக்கா.
சதுப்பில் ஜூலை முடிவில் பழுக்குமே, அந்தப் பழம்.
எங்கள் மொழியில் அந்தப் பழத்துக்கும்
சாயத்தின்மேல் பூசும் மெருகுக்கும் ஒரே சொல்.
இரண்டையும் நகம் படாமல் எடுக்க வேண்டும்.

நாலு நாள் வேலை.
களிமண் கட்டியால் தடவி
ரயில் பயணத்தில் ஒட்டிய இரும்புப் பொடியை எடுத்தேன்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
புதுக் கார் என்பதெல்லாம் ஒரு பேச்சு.
விற்றவன் அவசரமாய்த் துடைத்த வட்டக் கீறல்கள்
வலைபோல எழுந்து வந்தன.
அவரிடம் சொல்லவில்லை, தேய்த்து அழித்தேன்.
பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு படலம்:
இழுத்தால் நீளும், விட்டால் ஒட்டும்,
வெந்நீர் பட்டால் தன் கீறலைத் தானே மறக்கும்
(விளம்பரம் சொல்வது. பெரும்பாலும் உண்மை).

ஒரு வாரம் கழுவாதீர்கள் என்றேன்.
பறவை எச்சம் பட்டால் அன்றே துடையுங்கள்.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்,
பனி வேலைக் கணக்கெழுதும் அதே நோட்டில்.
எஞ்சின் பழகும்வரை, முதல் ஆயிரத்தைந்நூறுக்கு,
விரட்டக் கூடாது என்று
ஏற்கெனவே அதில் எழுதியிருந்தது, அடிக்கோடிட்டு.

மே முழுக்க அவருடைய ஆட்களே தெருத் தெருவாய்க்
கல்லைக் கூட்டி அள்ளினார்கள்.
எந்தத் தெரு எந்த நாள் என்பது அவருக்கு அத்துப்படி.
ஆனாலும் மாலையில் கொட்டகைக்குள்
வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருப்பாராம்.
"காபியை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்,
மூடி போட்ட கோப்பையில்" என்றாள் சிர்க்கா,
அவர் மனைவி, மளிகைக் கடை வரிசையில்.

ஜூனில் வந்தார். மீட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு.
இடது விளக்குக்கு மேலே, படலத்தின் அடியில்
ஒரு கொசு.
ஆறு காலும் விரிந்து, இறக்கை நரம்பு உட்படத் தெளிவாய்.
என் கண்ணுக்கு எப்படித் தப்பியது?
முகம் சுட்டது. காசில்லாமல் மாற்றித் தருகிறேன் என்றேன்.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"என்றைக்கு மாட்டியது?"
"பானெட் ஒட்டியது செவ்வாய்க்கிழமை."
"அப்படியென்றால் எனக்கு முன்பே ஏறிவிட்டது" என்று
கதவைச் சாத்தினார், இரண்டு உள்ளங்கையாலும், மெல்ல.

நவம்பரில் கார் போர்வைக்குள் போனது.
மறுநாள் இருட்டோடு சரளை லாரி வந்தது.
ஜன்னலில் நின்று பார்த்தேன்:
சுழல்தட்டு தெருவெல்லாம் இறைத்து வருகிறது,
என் வாசல் நெருங்கியதும் நிற்கிறது,
முப்பதடி தாண்டி மறுபடி சுழல்கிறது.
வெளியே நிற்கும் வாடிக்கையாளர் கார்களுக்காக.
விளக்கை ஒருமுறை சிமிட்டிப் போனார்.

மரியாதை என்றுதான் நினைத்தேன்.
எட்டு மணிக்குக் குப்பை கொட்டப் போனவள்
அந்த முப்பதடியில்
இடுப்பு அடிபட விழுந்தேன்.

படுத்தபடியே போன் செய்தேன்.
"தௌனோ, போடுங்கள்.
ஆறு மில்லிமீட்டரே போடுங்கள்."